ஆஸ்பிரின் இருக்கும்போது குளோபிடோக்ரல் எதற்கு?

நெஞ்சுவலி என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், அது மாரடைப்புதான் என்று தெரிந்தால், அங்கேயே 14 மாத்திரைகளை ஒன்றாகக் கொடுப்பார்கள். ஆஸ்பிரின் 150 மில்லிகிராம் 2, குளோபிடோக்ரல் 75 மில்லிகிராம் 4, அடோர்வாஸ்டாடின் 10 மில்லிகிராம் 8. தமிழ்நாடு அரசு 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் வருகிற மாத்திரைகள் இவை. துணை சுகாதார நிலையங்களிலும் வைத்திருக்கிறார்கள். ஆஞ்சியோ வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை நிலைமை மோசமாகாமல் பார்த்துக்கொள்வதுதான் நோக்கம். நீலகிரியில் இருப்பவர்களுக்கு அந்தப் ‘போய்ச் சேரும்வரை’ சின்ன நேரமில்லை. கோத்தகிரியோ குன்னூரோ, மலை இறங்கி மேட்டுப்பாளையம் தாண்டிக் கோயம்புத்தூருக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். மழைக்காலத்தில் மரம் சாய்ந்தாலோ மண் சரிந்தாலோ, எப்போது போய்ச் சேருவோம் என்று யாரும் சொல்ல முடியாது.

அந்த எட்டு அடோர்வாஸ்டாடினை விட்டுவிடுவோம். கொழுப்புக்கான மருந்து அது, வேறு கதை. மிச்சம் ஆறு மாத்திரை, இரண்டு வகை மருந்து. பக்கத்து வீட்டு அக்காவின் கணவருக்கு, அடைத்த குழாயைத் திறந்துவைக்கும் ஸ்டென்ட் வைத்த பிறகு இந்த இரண்டையும் தினமும் சாப்பிடச் சொல்லியிருந்தார்கள். “ரெண்டுமே ரத்தம் உறையாம இருக்கத்தானே? ஒண்ணையே டோஸ் ஏத்திக் குடுத்தா ஆகாதா?” என்று அக்கா கேட்டார். ஆகாது. இரண்டும் வேறு வேறு இடத்தில் வேலை செய்கிற மருந்துகள். அந்த இடங்கள் எவை என்று பார்த்தால் மாரடைப்பு எப்படி நடக்கிறது என்பதே பாதி புரிந்துவிடும்.

முதலில் ஒரு தப்பான எண்ணத்தை ஒதுக்கிவைக்க வேண்டும். ‘70 சதவீத அடைப்பு’, ‘80 சதவீத அடைப்பு’ என்று ஆஞ்சியோ ரிப்போர்ட்டை வைத்துப் பேசிப் பழகிவிட்டோம். அதனால் கொழுப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, நூறைத் தொடுகிற நாளில் மாரடைப்பு வருகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. மாடிப்படி ஏறும்போது மூச்சுகூட வாங்காத ஆளுக்கு, பாதிகூடக் குறுகாத இடத்தில் திடீரென்று மொத்தமாக அடைத்துக்கொள்வது உண்டு. ரத்தக்குழாய்ச் சுவருக்குள் இருக்கும் கொழுப்புப் படிவின் மேலே ஒரு மெல்லிய மூடி இருக்கும். அந்த மூடி கிழிகிறது, அல்லது அதன் மேல்தோல் தேய்ந்து உதிர்கிறது. அந்தப் புண்ணின் மேல் நிமிடக் கணக்கில் ரத்தம் உறைந்து கட்டியாகிறது. கொழுப்பு சேர்வதற்குப் பல வருஷம் பிடித்திருக்கும். கடைசி அடைப்பைப் போடுவது கட்டிதான். அந்தக் கட்டியைத் தொடங்கிவைப்பவை தட்டணுக்கள்.

டெங்குக் காய்ச்சல் எட்டிப் பார்த்த வீட்டில் பிளேட்லெட் என்றால் தெரியாதவர் கிடையாது. அதேதான் தட்டணு. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில், அதாவது ஒரு கன மில்லிமீட்டரில், ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்கும். எலும்பு மஜ்ஜையில் இருக்கும் பெரிய செல்களிலிருந்து பிய்ந்து வந்த துணுக்குகள் இவை. குறுக்களவு இரண்டு மூன்று மைக்ரான், ஆயுள் 7 முதல் 10 நாள். இவற்றுக்கு உட்கரு கிடையாது. இந்தக் கடைசி விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஆஸ்பிரினுக்கு வரும்போது தேவைப்படும்.

சாதாரண நேரத்தில் தட்டணுக்கள் வட்டத் தட்டுப்போல இருந்துகொண்டு சும்மா ஓடுகின்றன. சும்மா இருக்கும்படி பார்த்துக்கொள்வது குழாயின் உட்சுவர்ப் படலம். அது நைட்ரிக் ஆக்சைடையும் புரோஸ்டாசைக்ளினையும் விடாமல் சுரக்கிறது, இரண்டுமே தட்டணுக்களை அடக்கி வைப்பவை. படலம் கிழிந்த இடத்தில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. அதோடு, அடியில் இருக்கும் கொலாஜன் என்ற நார்ப் புரதம் வெளியே தெரிகிறது. தமனியில் ரத்தம் வேகமாக ஓடும், அந்த வேகத்தில் தட்டணு நின்று ஒட்டுவது கஷ்டம். வான் வில்பிராண்ட் காரணி என்ற நீளமான புரதம் கொலாஜனில் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு, மறுபக்கம் தட்டணுவைப் பிடித்து இழுத்து நிறுத்துகிறது.

முதல் அடுக்கு ஒட்டியாகிவிட்டது. ஒரு சின்னப் புண்ணை மூட அதுவே போதும். குழாயையே அடைக்க லட்சக்கணக்கில் வர வேண்டும், பின்னால் ஓடிவருகிற தட்டணுக்களுக்கோ கொலாஜன் தெரியவே தெரியாது. முன்னால் ஒட்டியவை அவற்றைக் கூப்பிடுவது ரசாயனங்கள் மூலமாகத்தான்.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும்போது ஒரு ஓரத்தில் காட்டுமாடு வந்துவிட்டால் என்ன நடக்கும்? பார்த்தவர் சத்தம் போடுவார். அந்த ஒரு குரல் மேடு தாண்டிக் கேட்காது. ஆனால் கேட்டவர் தானும் சத்தம் போடுவார், அதைக் கேட்டு அடுத்த நிரையில் இருப்பவர் போடுவார், கடைசி நிரை வரைக்கும் போய்விடும். கடைசியில் இருப்பவர் மாட்டைப் பார்த்திருக்கவே மாட்டார். தட்டணுக்களும் அப்படித்தான். சிக்னல் வந்து சேர்ந்த ஒவ்வொரு தட்டணுவும் தானும் அதே சிக்னலை விடுகிறது. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு: தட்டணு ஒரே குரலில் கூப்பிடுவதில்லை, ஒரே நேரத்தில் நாலைந்து ரசாயனங்களை விடுகிறது.

அவற்றில் நம் கதைக்கு முக்கியமானது திராம்பாக்சேன் ஏ2. ஸ்வீடனில் பெங்ட் சாமுவேல்சன் குழு 1975இல் இதைக் கண்டுபிடித்தது. விழித்துக்கொண்ட தட்டணு தன் சவ்விலிருந்தே அரக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பை உருவி எடுக்கிறது. காக்ஸ்-1 என்ற நொதி அதை முதல்படி மாற்றுகிறது, அடுத்து இன்னொரு நொதி அதைத் திராம்பாக்சேனாக்குகிறது. இது பக்கத்துத் தட்டணுக்களை எழுப்புவதோடு நிற்காமல், குழாயின் தசையையும் சுருங்க வைக்கிறது. ஏற்கனவே குறுகிய வழி இன்னும் குறுகுகிறது. ஆனால் ஆயுள் மிகக் குறைவு. சுமார் 30 வினாடியில் பாதி செயலிழந்துவிடும். அதனால் உடம்பு முழுவதும் பரவாமல், புண் இருக்கும் இடத்தைச் சுற்றியே வேலை செய்கிறது.

இதை இதயத் தமனியில் நேரில் பார்த்த மாதிரி காட்டிய ஒரு பரிசோதனை உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜான் ஃபோல்ட்ஸும் அவருடைய குழுவும் 1976இல் வெளியிட்டது. நாயின் இதயத் தமனியைச் சுற்றி ஒரு சின்ன வளையத்தை மாட்டி, வழியைக் குறுக்கினார்கள். உள்ளே ஓடும் ரத்தத்தின் அளவைத் தொடர்ந்து பதிவு செய்தார்கள். ஓட்டம் சில நிமிடங்களில் மெதுவாகக் குறைந்துகொண்டே வந்தது. பிறகு சட்டென்று பழைய நிலைக்கு ஏறியது. மறுபடி குறைந்தது, மறுபடி ஏறியது. தட்டணுக்கள் திரண்டு அடைப்பதும், அந்தத் திரள் பெயர்ந்து ரத்தத்தோடு போவதும் மாறி மாறி நடந்துகொண்டிருந்தன. ஆஸ்பிரின் கொடுத்ததும் இந்த ஏற்ற இறக்கம் நின்றது. வளையம் அப்படியேதான் இருந்தது, குறுகலும் அப்படியேதான் இருந்தது!

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சுவலி வந்து, பத்து நிமிடத்தில் போய், மறுபடி வருகிறது என்று சிலர் சொல்வார்கள். ‘வந்துவந்து போகுது, அப்ப கேஸாத்தான் இருக்கும்’ என்று இஞ்சித் தண்ணியோ சோடாவோ குடித்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். வந்து போவதால் இதயம் இல்லை என்று முடிவு கட்டுவதுதான் எனக்குப் பயமான விஷயம். ஃபோல்ட்ஸின் வரைபடத்தைப் பார்த்தவர்கள் அப்படி முடிவு கட்ட மாட்டார்கள். நாய்க்கு நடந்தது மனிதருக்கும் நடக்கிறதா என்ற சந்தேகத்துக்கு 1986இல் வந்த ஓர் ஆய்வு ஓரளவு பதில் சொன்னது. இப்படி நிலையில்லாத நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களின் சிறுநீரைச் சோதித்தபோது, வலி வந்த நேரங்களை ஒட்டி திராம்பாக்சேனின் கழிவுப்பொருள் அதிகமாக இருந்தது.

இப்போது ஆஸ்பிரின். அது காக்ஸ்-1 நொதியின் மேல் ஒரு சின்ன ரசாயனத் துண்டை ஒட்டி, அதை நிரந்தரமாக முடக்கிவிடுகிறது. மற்ற செல்களாக இருந்தால் உட்கருவில் உள்ள குறிப்பைப் பார்த்துப் புது நொதி செய்துகொள்ளும். தட்டணுவுக்குத்தான் உட்கரு இல்லையே! ஒரு தடவை முடங்கினால் அந்தத் தட்டணு சாகிற வரைக்கும் திராம்பாக்சேன் செய்ய முடியாது. மாத்திரை ரத்தத்தில் சில மணி நேரம்கூடத் தங்குவதில்லை, ஆனால் அதன் வேலை பல நாள் நிற்கிறது. தினமும் பத்தில் ஒரு பங்கு தட்டணுக்கள் புதிதாக வருவதால்தான் தினமும் ஒரு மாத்திரை. தலைவலிக்குப் போடும் அளவில் கால்வாசி, 75 மில்லிகிராம், இதற்குப் போதும். முழுவதும் முடங்கிய நொதியை இன்னும் முடக்க முடியாது. டோஸ் ஏற்றினால் வயிறுதான் புண்ணாகும். அக்காவின் கேள்விக்கு முதல் பாதி பதில் இது.

வலி மருந்தாக 1899 முதல் விற்பனையில் இருந்த ஆஸ்பிரின் இதயத்துக்கு வந்த வழியும் சுவாரசியமானது. கலிபோர்னியாவில் லாரன்ஸ் கிரேவன் என்ற சாதாரணக் குடும்ப டாக்டர், டான்சில் ஆபரேஷன் ஆனவர்கள் வலிக்காக ஆஸ்பிரின் கலந்த சூயிங்கம் மென்றால் ரத்தக் கசிவு அதிகமாவதைக் கவனித்தார். ரத்தம் கசிய வைக்கிற மருந்து கட்டியையும் தடுக்குமே என்று தன்னிடம் வந்தவர்களுக்குக் கொடுத்து, 1950களில் எழுதினார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க மருந்து தராத ஒரு குழு அவரிடம் இல்லை, அதனால் சந்தேகப்பட்டவர்களையும் குறை சொல்ல முடியாது. ஆஸ்பிரின் எப்படி வேலை செய்கிறது என்பதை ஜான் வேன் 1971இல் காட்டினார். அவருக்கும் சாமுவேல்சனுக்கும் சுனே பெர்க்ஸ்ட்ரோமுக்கும் 1982இல் நோபல் கிடைத்தது. மாரடைப்பில் அது உயிரைக் காக்கிறதா என்பதற்கு உறுதியான பதில் 1988இல் வந்த ஐசிஸ்-2 ஆய்வில்தான் கிடைத்தது. மாரடைப்பு என்று சந்தேகப்பட்ட 17,187 பேர். ஒரு மாதம் ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களில் இதய, ரத்தக்குழாய்க் காரணங்களால் இறந்தவர்கள் 23 சதவீதம் குறைவு. கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசி மட்டும் போட்டவர்களில் 25 சதவீதம் குறைவு. இரண்டும் சேர்ந்தால் 42.

இரண்டும் சேர்ந்தால் ஏன் அவ்வளவு? கரைக்கும் ஊசி ஃபைப்ரின் என்ற நாரைத்தான் கரைக்கிறது, தட்டணுக்களைத் தொடுவதில்லை. கட்டி கரையும்போது உள்ளே சிக்கியிருந்த திராம்பின் வெளியே வருகிறது. திராம்பின் என்பது தட்டணுக்களை எழுப்புவதில் மற்ற எல்லாவற்றையும் விட வலிமையானது. கரைத்துவிட்ட இடத்திலேயே அடுத்த கட்டி ஆரம்பிக்கும். மலையிலேயே கரைக்கும் ஊசி போட்டுக் கீழே அனுப்பும்போதும் மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுப்பது இதனால்தான்.

சரி, ஆஸ்பிரின் திராம்பாக்சேனை நிறுத்திவிட்டது. மற்ற சிக்னல்கள் அப்படியே இருக்கின்றனவே? தட்டணுவுக்குள் சின்னச் சின்னப் பைகள் உண்டு, அதில் ஏ.டி.பி. என்ற பொருளும் செரட்டோனினும் தயாராக அடைத்து வைக்கப்பட்டிருக்கும். எழுந்ததும் பைகள் வெடித்து இரண்டும் வெளியே கொட்டும். ஏ.டி.பி.யைச் செய்வதற்குக் காக்ஸ்-1 தேவையே இல்லை, ஆஸ்பிரினால் அதை நேராகத் தொட முடியாது. அது அடுத்த தட்டணுவின் மேல் இருக்கும் பி2ஒய்12 என்ற ஏற்பியில், அதாவது சிக்னலை வாங்கும் புரதத்தில், போய் உட்கார்ந்து அதை எழுப்புகிறது. குளோபிடோக்ரல் போய் மூடுவது இந்த ஏற்பியை. விடுகிற சிக்னல்களில் ஒன்றை ஆஸ்பிரின் நிறுத்துகிறது, இன்னொன்று போய்ச் சேராமல் குளோபிடோக்ரல் தடுக்கிறது.

2001இல் வந்த கியூர் ஆய்வு அக்கா கேட்டதையே 12,562 பேரிடம் கேட்டது என்று சொல்லலாம். ஆஸ்பிரின் மட்டும் சாப்பிட்டவர்களில் 11.4 சதவீதம் பேருக்கு மாரடைப்பு, பக்கவாதம் அல்லது இதயக் காரணச் சாவு நேர்ந்தது. குளோபிடோக்ரலும் சேர்த்தவர்களில் 9.3. கூடவே, பெரிய ரத்தக்கசிவு 2.7இலிருந்து 3.7 சதவீதமானது. லாபமும் உண்டு, அதற்கு விலையும் உண்டு. எத்தனை மாதம் இரண்டையும் சாப்பிடுவது, எப்போது ஒன்றை நிறுத்துவது என்று டாக்டர்கள் ஆளுக்கு ஆள் மாற்றிச் சொல்வது இந்தக் கணக்கைப் பார்த்துத்தான்.

குளோபிடோக்ரலில் ஒரு சிக்கல். விழுங்கிய மாத்திரை அப்படியே வேலை செய்யாது, கல்லீரல் அதை மாற்றிக் கொடுத்தால்தான் மருந்தாகும். நேரம் பிடிக்கும் என்பதால்தான் முதல் தடவை நான்கு மாத்திரை, 300 மில்லிகிராம். இப்படி மாற்றுகிற கல்லீரல் நொதி பரம்பரையாகவே மந்தமாக இருப்பவர்கள் நம் நாட்டில் கணிசம். அவர்களுக்கு இது போதிய பலன் தராமல் போகலாம். டிக்காக்ரெலார், பிராசுக்ரல் என்று மாற்றி எழுதுகிறார்களே, அவையும் இதே ஏற்பியை மூடுபவைதான், இன்னும் உறுதியாக.

செரட்டோனின் விஷயம் கொஞ்சம் விசித்திரம். உட்சுவர் நன்றாக இருக்கும் குழாயில் அது பட்டால் குழாய் விரியும். உட்சுவர் கெட்டுப்போன குழாயில் அதே பொருள் பட்டால் சுருங்கும். எந்த இடத்தில் கொட்டுகிறது என்பதுதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது.

அப்புறம் அட்ரினலின். இது தட்டணுவிலிருந்து வருவதில்லை. கோபம், பயம், குளிர், சிகரெட், மூட்டையோடு மேடு ஏறுவது எல்லாம் உடம்பில் அட்ரினலினை ஏற்றும். தனியாக அது பலவீனமான சிக்னல்தான், மற்ற சிக்னல்களோடு சேர்ந்தால் அவற்றைப் பலப்படுத்தும். ஃபோல்ட்ஸ் பின்னாளில் 1988இல் இன்னொன்றையும் காட்டினார்: ஆஸ்பிரினால் நின்றுபோன அந்த ஏற்ற இறக்கம், நாய்க்கு அட்ரினலின் ஏற்றியதும் திரும்ப வந்தது. ‘மாத்திரைதான் சாப்பிடுறேனே’ என்று பீடியை விடாதவர்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்கலாம். குளிருக்கும் ஒரு பங்கு உண்டு. உடம்பை லேசாகக் குளிரவைத்தாலே ரத்தத்தில் தட்டணுக்களின் எண்ணிக்கையும் ரத்தத்தின் பிசுபிசுப்பும் ரத்த அழுத்தமும் கூடுவதை 1984இல் பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று பதிவு செய்தது. தலைகுந்தாவில் உறைபனி விழும் தை மாத விடியலில், ஏற்கனவே இதய நோய் உள்ளவர் ஸ்வெட்டர், குல்லா இல்லாமல் வெளியே போக வேண்டாம் என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பதில் நியாயம் இருக்கிறது.

பெயரிலேயே ‘தட்டணுவைத் தூண்டும் காரணி’ என்று ஒன்று உண்டு, பி.ஏ.எஃப். 1972இல் பிரான்ஸைச் சேர்ந்த ஜாக் பென்வெனிஸ்ட் பெயர் வைத்தது. வெள்ளை அணுக்கள் விடுகிற கொழுப்புப் பொருள். பெயரைப் பார்த்தால் இதுதான் தலைவன் என்று தோன்றும். இதை அடக்குகிற மருந்து எதுவும் மாரடைப்பு சிகிச்சையில் இடம் பிடிக்கவில்லை.

இத்தனை சிக்னலும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து முடிகின்றன. தட்டணுவின் மேற்பரப்பில் ஜிபி 2பி/3ஏ என்ற ஏற்பிகள் ஏறக்குறைய 80,000 இருக்கின்றன, சாதாரணமாக மூடிய நிலையில். எந்த சிக்னல் வந்தாலும் இவை திறந்து, ரத்தத்தில் ஓடும் ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரு ஃபைப்ரினோஜனை இந்தப் பக்கம் ஒரு தட்டணுவும் அந்தப் பக்கம் ஒரு தட்டணுவும் பிடிக்க, திரள் இறுகுகிறது.

அப்படியென்றால் ஆளுக்கொரு சிக்னலை மூடுவதை விட்டுவிட்டு இந்தக் கடைசிக் கதவையே பூட்டிவிடலாமே என்று தோன்றும். மருந்துக் கம்பெனிகளுக்கும் தோன்றியது. ஊசியாகச் செய்தார்கள், அது ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைக்கும் சமயத்தில் குறிப்பிட்ட சிலருக்கு இன்றும் உதவுகிறது. தினமும் விழுங்குகிற மாத்திரையாகச் செய்து பார்த்தபோது சாவு குறையவில்லை, கூடியது. திராம்பினின் ஏற்பியை மூடும் வோராபாக்சர் என்ற மாத்திரைக்கு 2014இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஏற்கனவே பக்கவாதம் வந்தவர்களுக்கு அது மூளைக்குள் ரத்தக்கசிவை அதிகமாக்கியதால் அவர்களுக்குத் தரக் கூடாது என்ற எச்சரிக்கையோடு. இதே தட்டணுக்களும் இதே சிக்னல்களும்தான் கவாத்துக் கத்தி பட்டு விரல் கிழிந்தால் ரத்தத்தை நிறுத்துகின்றன, வயிற்றில் சின்னப் புண் வந்தால் அடைக்கின்றன. இதயத் தமனிக்கு மட்டும் என்று தனி சிக்னல் கிடையாது. ஒன்றிரண்டை மூடி மற்றவற்றை விட்டுவைப்பது மருந்தின் குறை என்று நான் நினைக்கவில்லை. ரத்தம் நிற்கவும் வேண்டும், குழாய் அடைக்கவும் கூடாது என்றால் வேறு வழி இல்லை.

இதையெல்லாம் தெரிந்துகொண்டவர்கள் வீட்டில் கவனிக்க வேண்டியவை சில. நெஞ்சுவலி நேரத்தில் கொடுக்கும் ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்வார்கள், அப்போதுதான் சீக்கிரம் ரத்தத்தில் சேரும். முழுசாகத் தண்ணீர் ஊற்றி விழுங்கினால் தாமதமாகும். மாத்திரையைத் தேடிக்கொண்டிருக்காமல் 108ஐ முதலில் கூப்பிடுங்கள். இதய நோயே இல்லாதவர் ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று தானாகத் தினமும் ஆஸ்பிரின் போட்டுக்கொள்வது நல்லதல்ல, ரத்தக்கசிவு ஆபத்து மட்டும்தான் மிஞ்சலாம். டெங்கு சந்தேகம் இருக்கும் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது. ஏற்கனவே இரண்டு மாத்திரையும் சாப்பிடுபவருக்கு அப்படிக் காய்ச்சல் வந்தால் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மூட்டு வலிக்கும் இடுப்பு வலிக்கும் மெடிக்கலில் கேட்டு வாங்குகிற ஐபுபுரோஃபென் இருக்கிறதே, அது காக்ஸ்-1இல் ஆஸ்பிரின் போய் ஒட்ட வேண்டிய வழியிலேயே சில மணி நேரம் உட்கார்ந்துகொள்ளும். அதை முதலில் போட்டுவிட்டுப் பிறகு ஆஸ்பிரின் சாப்பிட்டால், ஆஸ்பிரின் ஒட்ட இடமில்லாமல் வீணாகப் போகும். வலி மாத்திரை வாங்கும்போது ‘ஹார்ட் மாத்திரை சாப்பிடறேன்’ என்று கடைக்காரரிடம் சொல்லிவிடுவது நல்லது. பல் பிடுங்கவோ வேறு ஆபரேஷனுக்கோ போகும்போது அந்த டாக்டரிடமும் அதையே சொல்ல வேண்டும். அவர் நிறுத்தச் சொன்னாலும், ஸ்டென்ட் வைத்த டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. ஸ்டென்ட் என்பது குழாய்க்குள் இருக்கும் உலோகம். அதன் மேல் உட்சுவர்ப் படலம் வளர்ந்து மூடப் பல மாதம் ஆகும், அதுவரைக்கும் தட்டணுக்களுக்கு அது திறந்த புண்தான்.